பொதுக் கிரிட்டுக்கு ஆய்வாளர்கள் வருவதில்லை. வலைத்தளம் கட்டினால் வருவார்களா?

கோர் எண்ணி:
வணக்கம் மக்களே. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் எச்டிகாண்டரில் (வேலைகளைக் காலியான கணினிகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் மென்பொருள்) ஓடும் பொதுக் கணினிக் கூட்டம் ஒன்று இருக்கிறது, இங்கே இடம் போதாவிட்டால் வேலைகள் ஓஎஸ்பூல் பக்கம் போய்விடும், அதாவது நாடு முழுக்கப் பல கல்லூரிகள் சும்மா கிடக்கும் தங்கள் கணினிகளைத் திறந்துவிட்டிருக்கும் இடம். இப்படிப் பல இடத்துக் கணினிகளை இணைத்துப் பங்கிடுவதைத்தான் கிரிட் என்கிறோம். காசும் கிடையாது. ஆனாலும் இயற்பியல்காரர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சூழலியல் மாணவி ஒருவர், ஒரே ஆர் (புள்ளியியல் நிரல்மொழி) ஸ்கிரிப்டை அளவுருக்களை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டியவர், கிரிட்டுக்கென்றே பிறந்த வேலை அது, அதை லேப்டாப்பில் ஓட்டிக்கொண்டு, மூடினால் நின்றுவிடுமே என்று திறந்தபடியே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிறார்.

மேலாளருக்கு ஒரு யோசனை: அழகாக ஒரு வலைத்தளம், கோப்பை ஏற்றி பட்டனை அழுத்தினால் முடிவு மெயிலில் வந்துவிட வேண்டும். கட்ட ஆறு மாதம் ஆகுமாம். எனக்கு அரை மனதுதான். கட்டினால் வருவார்களா?

பழைய கிரிட் ஆள்:
வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. 2000களில் இப்படி எத்தனையோ கிரிட் தளங்கள் வந்தன, மானியம் முடிந்ததும் கவனிக்க ஆளில்லாமல் போயின. எந்த வேலைக்கும் பொருந்த வேண்டும் என்று கட்டும் தளத்தில் கடைசியில் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை அனுப்பும் இடம்) இருக்கும் அத்தனை கேள்விகளும் பெட்டி பெட்டியாக வந்து உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான்.

நிலைத்து நின்றவற்றைப் பாருங்கள். சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தின் சிப்ரெஸ், பரிணாம மரம் வரைகிறவர்களுக்கு மட்டும். கேலக்சி, மரபணுத் தரவு அலசுகிறவர்களுக்காகத் தொடங்கியது. ஒரு துறை, அந்தத் துறை ஏற்கெனவே நம்பும் மென்பொருள்கள், அதனால்தான் ஆட்கள் வந்தார்கள்.

இயற்பியல்காரர்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்கிறீர்களே, அவர்களில் பாதிப் பேர் கிரிட்டைப் பார்த்ததே கிடையாது. செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்எச்சி மோதுகருவிக்கான கிரிட்டில் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் 170 போல மையங்கள், மும்பையில் டிஐஎஃப்ஆர், கொல்கத்தாவில் விஇசிசி உட்பட. ஆனால் அங்குள்ள சோதனைக் குழுக்களில் சிஎம்எஸ் மாணவருக்குத் தெரிந்தது கிராப் என்ற வேலை அனுப்பும் கருவி, அட்லஸ் மாணவருக்குத் தெரிந்தது பாண்டா, எல்எச்சிபி ஆட்களுக்கு கங்கா என்றே ஒன்று இருந்தது. நடுவில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் உட்கார்ந்து சிக்கலையெல்லாம் விழுங்கிக்கொண்டார்கள். உங்கள் சூழலியல் மாணவிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ஒன்று மட்டும் நிஜமாகவே எளிதாகிவிட்டது. அந்தக் காலத்தில் நுழைவதற்கே எக்ஸ்.509 என்ற மின்னணு அடையாளச் சான்றிதழ் வேண்டும். எந்த பிரவுசரில் விண்ணப்பித்தோமோ அதே கணினியில் அதே பிரவுசரில்தான் அதை இறக்க வேண்டும், அப்புறம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை வைத்து அதைச் சாவி தனி, சான்றிதழ் தனி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும், சாவிக் கோப்பை வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதி (400 போல) வைக்காவிட்டால் ஏற்காது, இவ்வளவும் செய்த பிறகு தினமும் ப்ராக்ஸி என்ற தற்காலிகச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதுவும் 12 மணி நேரத்தில் காலாவதி. ஓஎஸ்பூலை நடத்தும் ஓஎஸ்ஜி 2022 வாக்கில் இதையெல்லாம் விட்டு டோக்கன் என்ற எளிய அடையாள முறைக்கு மாறியது. வாசல் இன்று அவ்வளவு குறுகல் இல்லை, ஆகவே வாசலையே மறுபடி இடித்துக் கட்டாதீர்கள்.

பூச்சிக்காரி:
லேப்டாப்பைத் திறந்தபடி தூக்கிப்போகும் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். வேலையை அனுப்புவது கஷ்டமே இல்லை. பத்து வரிக் கோப்பு, கடைசியில் க்யூ 500 என்று போட்டால் 500 வேலை போகிறது, அது எனக்குப் பிடித்தே இருந்தது. திண்டாட்டம் அனுப்பிய பிறகுதான். காலையில் வந்து பார்த்தால் பாதி வேலைகளுக்கு நேராக எச் என்று ஒரு எழுத்து. எச் என்றால் என்ன? நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். யார், ஏன்? தேடிப் போனால் “மெமரி யூசேஜ் எக்ஸீடட் ரிக்வெஸ்ட் மெமரி”. நான் 2 ஜிபி கேட்டேன், ஸ்கிரிப்ட் அதற்குமேல் தின்றிருக்கிறது. சரி, எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்? ஆய்வாளருக்கு அது எப்படித் தெரியும், லேப்டாப்பில் யாரும் அதைக் கேட்டதே இல்லையே!

மீதிப் பாதி, ஆர் தொகுப்பு (பேக்கேஜ்) ஒன்று அந்தக் கணினியில் இல்லை என்று செத்துவிட்டன. என் கணினியில் என்றோ நிறுவியதெல்லாம் அங்கேயும் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். பட்டன் வைத்த தளம் இருந்தாலும் இதே இரண்டு இடத்தில்தான் நான் மாட்டியிருப்பேன், என்ன, இன்னும் அழகான பக்கத்தில் மாட்டியிருப்பேன்.

கோர் எண்ணி:
அக்கா, அந்த மெமரி விஷயத்துக்கு முழு வழிகாட்டிப் பக்கமே எங்கள் தளத்தில் இருக்கிறதே? ஆவணங்கள் எக்கச்சக்கமாக எழுதி வைத்திருக்கிறோம்.

பூச்சிக்காரி:
இருக்கும் தம்பி. ஆனால் என் வேலை எந்தத் தலைப்பில் வருகிறது என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கத்தைத் தேட முடியும்? பாதிப் பக்கங்கள் ஏற்கெனவே தெரிந்தவருக்காக எழுதியவை.

தூங்காநகரம்:
அக்கா சொன்ன இரண்டையும் கட்டளை வரியிலேயே தீர்க்கலாம், ஆறு மாதம் தேவையில்லை.

முதலில் தொகுப்பு பிரச்சினை. உங்கள் வளாகத்தில் அதிகம் ஓடும் ஆர், பைத்தான் சூழல்களுக்கு நீங்களே அப்டெய்னர் கன்டெய்னர் (மென்பொருளையும் தொகுப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிய கோப்பு) செய்து வைத்துவிடுங்கள். ஓஎஸ்பூலில் உங்கள் வீட்டு அடைவு (உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர்) எதிர்முனையில் இருக்காது, வேண்டிய கோப்புகள் வேலையோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும், இதை முதல் நாளே சொல்லாமல் விடுவதால்தான் பாதிப் புலம்பல். அப்புறம் மெமரி. 500 அனுப்பும் முன் 5 அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் லாக் கோப்பின் அடியில் எவ்வளவு கேட்டோம், எவ்வளவு தின்றது என்று எச்டிகாண்டரே எழுதி வைக்கும், அதில் பெரிய எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும். எச் விழுந்தவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டியதில்லை, காண்டர் க்யூஎடிட்டில் மெமரியை உயர்த்திவிட்டு காண்டர் ரிலீஸ் கொடுத்தால் மறுபடி வரிசைக்குப் போகும். எச்சுக்குப் பதில் ஐ (இன்னும் கணினி கிடைக்காத நிலை) என்று காத்துக்கொண்டே இருந்தால் காண்டர் க்யூவோடு பெட்டர் அனலைஸ் சேர்த்துப் பாருங்கள், நீங்கள் கேட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் எத்தனை கணினிகள் தேறுகின்றன என்று காட்டும். ஒருவர் 500 ஜிபி கேட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருந்த கதை எல்லாம் இதில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வலைப்பக்கம் கட்டாயம் வேண்டும் என்று மேலாளர் நின்றால் ஓஹாயோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தின் ஓப்பன் ஆன்டிமாண்டை நிறுவுங்கள். இலவசம், நிரல் எழுதும் ஜூபிட்டரும் ஆர்ஸ்டூடியோவும் பிரவுசரிலேயே திறக்கும். அது ஸ்லர்ம் (எச்டிகாண்டர் போல இன்னொரு வேலை வரிசை மென்பொருள்) மாதிரியானவை ஓடும் க்ளஸ்டர்களைச் சுற்றிச் செய்தது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கிரிட் ஆள்:
தூங்காநகரம் சொன்னதோடு ஒன்று. அந்த ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு ஆளைப் போட்டு, வாரம் இரண்டு மதியம் உயிரியல் கட்டடத்திலேயே உட்கார வையுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேண்டாம், அங்கே யாரும் வரமாட்டார்கள்.

கோர் எண்ணி:
மேலாளரிடம் கன்டெய்னரும் மதிய உட்காரலும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், வலைத்தளத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம் என்றிருக்கிறார். பூச்சிக்காரி அக்கா, முதல் கன்டெய்னரில் என்னென்ன ஆர் தொகுப்புகள் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட முடியுமா? சூழலியல் ஆட்கள் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று எங்கள் பிரிவில் ஒருவருக்கும் தெரியவில்லை.