பொருள்: ‘பிட்ச் பெண்ட்’ – குஜெங், வீணை, மென்பொருள் மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

சீனத்துத் தந்திக் கருவியான குஜெங்கை ராக், ஜாஸ், மின்னிசையோடு சேர்த்து வாசிப்பது பற்றிய கட்டுரை ஒன்றும், இசை மென்பொருள் ஒன்றின் பட்டிச் (மெனு) சொற்களும் தமிழாக்கத்தில் உள்ளன. இரண்டிலும் ‘பிட்ச் பெண்ட்’ (ஒலிக்கும் சுரத்தை அறுபடாமல் ஏற்றி இறக்குவது) வருகிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பது ‘சுருதி வளைவு’. அதையே வைக்கலாமா?

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: இன்று பரவலாக உள்ள குஜெங்கில் 21 தந்திகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குதிரை (தந்தியைத் தாங்கும் சிறு முட்டு), அது நகரக்கூடியது. வழக்கமான டி மேஜர் சுருதிச் சேர்க்கையில் தந்திகள் ச ரி க ப த என்றே நான்கு ஸ்தாயிக்கு ஓடுகின்றன, அதாவது நம் மோகனம். குதிரைக்கு வலப்பக்கம் செயற்கை நகம் கட்டிய விரல்களால் மீட்டுவார்கள். இடப்பக்கம் அதே தந்தியை இடக்கை கீழே அமுக்கும். இழுவிசை கூடிச் சுரம் ஏறும். க தந்தியை அரைச்சுரம் அமுக்கினால் ம. த தந்தியை முழுச்சுரம் அமுக்கினால் காகலி நி. ப்ளூஸுக்கு வேண்டிய சாதாரண காந்தாரம் (இந்த க-வுக்கு அரைச்சுரம் கீழே உள்ளது) ரி தந்தியிலிருந்து வரும். மேற்கத்திய இசையோடு கலக்கும்போது இந்த அமுக்கல்தான் உயிர்நாடி. சொல் சரியாக அமைய வேண்டும்.

– தே.

---

> நம் பட்டியலில் இருப்பது ‘சுருதி வளைவு’

தே. அவர்களுக்கு,

வேண்டாம். கச்சேரி கேட்டுப் பழகியவர் ‘சுருதி’ என்றால் தம்பூராவைத்தான் நினைப்பார். ‘சுருதி வளைந்தது’ என்று எழுதினால் பாடகர் பிசகிவிட்டார் என்றே படிப்பார்.

‘வளைவு’ம் ஒட்டவில்லை. கிட்டாரில் தந்தி பக்கவாட்டில் வளைவது கண்ணுக்குத் தெரியும், குஜெங்கில் அப்படியில்லை. என் முன்மொழிவு: ‘சுரவேற்றம்’. அமுக்கினால் ஏறத்தானே செய்யும்?

– க.

---

க. ஐயா,

ஏறுவது மட்டும் இல்லை. முதலில் அமுக்கி வைத்துக்கொண்டு, பிறகு மீட்டி, கையை மெல்லத் தளர்த்தினால் சுரம் இறங்கிவரும். திறந்த தந்திக்குக் கீழே போக முடியாது, அவ்வளவுதான். சின்தசைசரில் (மின்னிசை விசைக்கருவி) பிட்ச் பெண்டுக்கு உள்ள சக்கரமோ இரு பக்கமும் சுழலும். ‘ஏற்றம்’ இரண்டு இடத்திலும் பொய்யாகிவிடும்.

பழைய சொல்லை மீட்கலாமா என்று பார்த்தேன். சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்புக்கு எட்டு வகை: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. ‘உந்தல்’ கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் உரை அதற்குச் சொல்வது நரம்பை உந்தி, வலிவா (மேல் ஸ்தாயி) மெலிவா (கீழ் ஸ்தாயி) என்று அறிவதை. அந்தப் பெயரை எடுத்து வேறு பொருளில் மாட்டினால் சிலம்பு படிப்பவருக்கும் குழப்பம், குஜெங் படிப்பவருக்கும் குழப்பம்.

‘குழைவு’ என்று வைத்தால் என்ன? ‘குழைத்துப் பாடினார்’ என்பது வழக்கில் இருக்கிறது. திசை சொல்லாது, கருவி சொல்லாது. கைச்செயலை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: குஜெங்குக்கு ‘அமுக்குக் குழைவு’, வீணையிலும் கிட்டாரிலும் ‘இழுப்புக் குழைவு’.

– மா.

---

மா. சொன்ன பிரிப்பு மென்பொருளுக்கும் தேவை. காரணம் சொல்கிறேன்.

மிடியில் (மின்னிசைக் கருவிகள் தமக்குள் கட்டளை அனுப்பும் முறை) பிட்ச் பெண்ட் செய்தி ஒரு சுரத்துக்குப் போவதில்லை, ஒரு தடம் (சேனல்) முழுவதற்கும் போகிறது. ச ஒலித்துக்கொண்டிருக்க க-வை மட்டும் குழைக்க நினைத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். கீபோர்டில் வாசித்த ‘குஜெங்’ போலியாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற மிடி விரிவாக்க முறையில் சுரத்துக்கு ஒரு தடம்: முதல் தடம் பொதுக் கட்டளைக்கு, மீதி 15 சுரங்களுக்கு. தந்திகள் 21 ஆயிற்றே என்றால், ஒரே நேரத்தில் 15க்கு மேல் ஒலிப்பது அரிது.

இன்னொரு சிக்கல் எல்லை அளவு, அதாவது சுரம் அதிகபட்சம் எவ்வளவு நகரலாம் என்பது. பிட்ச் பெண்ட் செய்திக்கு மொத்தம் 16384 படிகள், நடு 8192. பெரும்பாலான கருவிகளில் எல்லை ±2 அரைச்சுரம், அப்போது ஓர் அரைச்சுரத்துக்கு 4096 படி. எம்பிஇயில் இயல்பு எல்லை ±48, அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 171 படிதான். அனுப்பும் பக்கம் 48, பெறும் பக்கம் 2 என்றிருந்தால் க-விலிருந்து ம வரவே வராது, க கொஞ்சம் நடுங்கியது போல இருக்கும். மாறாக இருந்தால் அரைச்சுரம் இரண்டு ஸ்தாயி தாவும். இந்த அமைப்பின் பெயரில் ‘வீச்சு’ வேண்டாம், அது ஆம்ப்ளிட்யூடுக்கு (ஒலி அலையின் உயரம்) போய்விட்டது. ‘குழைவு எல்லை’ என்று வைப்போம்.

– சி.

---

> ‘குழைவு’ என்று வைத்தால் என்ன?

மென்மை தொனிக்கிறதே! டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிட்டாரில் தந்தியை முறுக்கி இழுப்பதைக் ‘குழைவு’ என்று எந்த ராக் ரசிகர் ஏற்பார்? மற்றபடி மறுப்பில்லை.

கட்டுரைக்கு ஒரு திருத்தம். ‘பாட்டின் கட்டை மாறும்போது எல்லாத் தந்திகளையும் திருத்த வேண்டும்’ என்ற வரி தவறு. டியிலிருந்து ஜிக்குப் போக, மேல் ஸ்தாயியிலிருந்து எண்ணி, 4, 9, 14, 19ஆம் தந்திகளின் குதிரைகளை மட்டும் வலப்பக்கம் நகர்த்தி அரைச்சுரம் ஏற்றினால் போதும். ஏவுக்கு என்றால் 1, 6, 11, 16, 21 ஆகிய ஐந்தையும் இடப்பக்கம் நகர்த்தி அரைச்சுரம் இறக்க வேண்டும். அமுக்குமிடம் குதிரையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒட்டி அமுக்கினால் பலமும் அதிகம் வேண்டும், குதிரையும் நகர்ந்து சேர்க்கை கெடும்.

– க.

---

வூ ஃபெய் குஜெங்கோடு அபிகெய்ல் வாஷ்பர்ன் பாஞ்சோ சேர்ந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேளுங்கள், க. ஐயா. குழைவு முரடாகவும் இருக்கலாம் என்பதற்குத் தந்தியை அமுக்கும் அந்தக் கையே சாட்சி. குழைத்த சேறும் குழைவுதானே!

– மா.

---

பட்டியலில் சேர்ப்பவை:

குழைவு – பிட்ச் பெண்ட். வினை: குழை.
அமுக்குக் குழைவு – குதிரைக்கு அப்பால் தந்தியைக் கீழே அமுக்கிச் சுரம் மாற்றுவது.
இழுப்புக் குழைவு – மெட்டின் (ஃப்ரெட்) மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது.
குழைவுச் சக்கரம், குழைவு எல்லை – மென்பொருளுக்கு.

‘சுருதி வளைவு’ நீக்கப்படுகிறது. எர்ஹூவில் (வில்லால் வாசிக்கும் சீனத் தந்திக் கருவி) விரலை நழுவவிடுவதைக் குழைவில் அடக்குவதா, நம் இசையில் சறுக்கலைச் சொல்லும் ‘ஜாரு’ என்றே விடுவதா என்பது தனி இழையில். க. ஐயாவின் மறுப்பைக் குறிப்பாக இணைத்திருக்கிறேன்.

– தே.