ரக்பிக்கு வந்துகொண்டிருந்த ஃப்ரீ பெட் சலுகைகள் எல்லாம் எங்கே போயின?

கண்டிமழை:

எல்லோருக்கும் வணக்கம். நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். கண்டியில் படித்த காலத்தில் ராயல் - டிரினிட்டி பிராட்பி கேடய ஆட்டம் பார்த்து ரக்பிப் பைத்தியம் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு சிக்ஸ் நேஷன்ஸுக்கும் (ஆறு ஐரோப்பிய நாட்டு அணிகள் ஆண்டுதோறும் ஆடும் தொடர்) ஆட்டத்துக்குப் பத்து பவுண்ட் என்று வைத்துக்கொண்டு பந்தயம் கட்டுவேன், அதற்கு மேல் போவதில்லை.

கேள்வி இதுதான். ஏழெட்டு வருஷம் முன்னால் பிப்ரவரி பிறந்தாலே மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிடும். உங்கள் அணி 7 புள்ளிக்குள் தோற்றால் பணம் ஃப்ரீ பெட்டாக, அதாவது இலவசமாகக் கட்டும் பந்தயமாக, திரும்ப வரும், முதல் ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) போட்டவரே இரண்டாவதும் போட்டால் இரட்டிப்பு, பத்து கட்டினால் பத்து இலவசம், உங்கள் அணி இத்தனை புள்ளி முன்னால் போய்விட்டாலே ஆட்டம் முடியும் முன்பே பணம் என்று விதவிதமாக வரும். இப்போது நான்கு நிறுவனங்களில் கணக்கு இருந்தும் கண்ணில் படுவதெல்லாம் பெட் பில்டருக்கு (ஒரே ஆட்டத்தில் பல விஷயங்களைச் சேர்த்துக் கட்டும் பந்தயம்) ஆட்ஸ் (ஜெயித்தால் எத்தனை மடங்கு வரும் என்ற விகிதம்) கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்பது மட்டும்தான். இங்கிலாந்துக் கிளப் லீக்கான பிரீமியர்ஷிப் ரக்பிக்கு அதுவும் இல்லை. கால்பந்துக்கும் குதிரைக்கும் மட்டும் இன்னும் ஏதோ வருகிறது.

இது எனக்கு மட்டுமா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கவுண்டர்க்காரன்:

தம்பி, உங்களுக்கு மட்டும் இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு பெட்டிங் கடையில் 11 வருஷம் கவுண்டரில் நின்றவன் நான், அப்புறம் கொஞ்ச காலம் ஆட்ஸ் போடும் பிரிவிலும் இருந்தேன். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரக்பியின் அளவு. சிக்ஸ் நேஷன்ஸ் என்றால் மொத்தம் 15 ஆட்டம். கால்பந்து பிரீமியர் லீக் ஒன்றில் மட்டும் 380. இங்கிலாந்துக் கிளப் ரக்பியிலோ 2022-23 சீசனில் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் மூன்றும் கடனில் விழுந்து போனதும் 13 அணி 10 ஆகிவிட்டது. ஒவ்வொரு சலுகைக்கும் ஒருவர் உட்கார்ந்து விதி எழுத வேண்டும், சட்டப் பிரிவு பார்க்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று சரிபார்க்க வேண்டும். கால்பந்துக்கு அந்த வேலை வருஷம் முழுக்கப் பயன்படும். சிக்ஸ் நேஷன்ஸுக்கு ஐந்து வார இறுதிகள்தான்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன அந்த 7 புள்ளிச் சலுகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹேண்டிகேப்பில் (பலவீனமான அணிக்குச் சில புள்ளி முன்கூட்டியே கொடுத்துக் கட்டும் பந்தயம்) இரண்டு பக்கமும் 10/11 (11 கட்டினால் 10 லாபம்) என்று ஆட்ஸ் இருந்தால் பத்து பவுண்ட் பந்தயத்தில் நிறுவனத்துக்குச் சராசரியாக நிற்பது சுமார் 45 பென்ஸ். வெல்லும் அணியைச் சொல்லும் பந்தயத்திலும் ஏறக்குறைய அதே லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பந்தயத்தில் ஒன்றுக்காவது பத்து பவுண்ட் ஃப்ரீ பெட் திரும்பக் கொடுக்க வேண்டி வந்தால், அந்த ஃப்ரீ பெட்டின் உண்மையான மதிப்பு ஏழு பவுண்ட் என்று எடுத்தாலும், ஒரு பந்தயத்துக்கு 1.40 பவுண்ட் செலவு. 45 பென்ஸ் சம்பாதிக்க 1.40 செலவு செய்ய முடியுமா? முன்பு செய்தார்கள், புது வாடிக்கையாளர் பிடிப்பதற்காக. ரக்பியில் நெருக்கமான முடிவுகள் எவ்வளவு வருகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். 2025 பிப்ரவரியில் இங்கிலாந்து பிரான்ஸை 26-25 என்று ஜெயித்தது, இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்தை 16-15. அந்தச் சலுகை இருந்திருந்தால் இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அணி மேல் கட்டிய அத்தனை பேருக்கும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடியும் முன்பே பணம் கொடுக்கிற சலுகை இன்னும் மோசம். 2025இல் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணி) மெல்பர்னில் ஆடிய இரண்டாவது டெஸ்ட் நினைவிருக்கிறதா? ஆஸ்திரேலியா 23-5 என்று முன்னால் போனது, கடைசியில் லயன்ஸ் 29-26 என்று ஜெயித்தது. 15 புள்ளி முன்னிலைக்கே பணம் என்று ஒரு சலுகை ஓடியிருந்தால் இரண்டு பக்கமும் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கால்பந்தில் இரண்டு கோல் முன்னால் போன அணி தோற்பது அபூர்வம், அதனால் அங்கே அந்தச் சலுகை தாக்குப்பிடிக்கிறது. ரக்பியில் ஒரு மஞ்சள் அட்டை வந்து பத்து நிமிஷம் ஒரு ஆள் வெளியே உட்கார்ந்தால் போதும், 14 புள்ளி வந்துவிடும்.

இனி வரி. இங்கே பந்தய நிறுவனங்கள் மொத்த விற்பனைத் தொகைக்கு அல்ல, வாடிக்கையாளர் கட்டிய பணத்தில் வென்றவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்துக்கு 15 சதவீதம் கட்டுகின்றன. ஃப்ரீ பெட்டையும் வாடிக்கையாளர் தன் பணம் கட்டியது போலவே அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதாவது வராத பணத்துக்கு வரி. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி 2027 ஏப்ரலில் இருந்து இணையவழிப் பந்தயத்துக்கு அது 25 சதவீதம் ஆகிறது, குதிரைப் பந்தயம் மட்டும் 15இலேயே நிற்கும். இணையவழிக் கேசினோ வகை ஆட்டங்களுக்கு 2026 ஏப்ரலிலேயே 21இல் இருந்து 40. இதோடு 2025இல் இருந்து சட்டப்படியான லெவி (சூதாட்டப் பாதிப்பு பற்றிய ஆய்வு, சிகிச்சைக்கான கட்டணம்) வேறு, இணைய நிறுவனங்களுக்கு 1.1 சதவீதம். இப்படி நாலு பக்கமும் இறுக்கும்போது எதை முதலில் வெட்டுவார்கள்? லாபம் குறைந்த, ஆட்டம் குறைந்த விளையாட்டின் சலுகையைத்தான். சிக்ஸ் நேஷன்ஸ் கடைசிச் சுற்று வரும் அதே மார்ச்சில்தான் செல்டனம் குதிரைத் திருவிழா, நான்கு நாளில் 28 ஓட்டம். சலுகைக்கு ஒதுக்கிய பணம் அங்கே போய்விடும்.

இன்னொன்று. முன்பு ரக்பிக்குக் கட்டினால் கேசினோவில் ஐம்பது ஃப்ரீ ஸ்பின் (ஸ்லாட் ஆட்டத்தில் இலவசச் சுற்று) என்று சேர்த்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி கலப்புச் சலுகையை 2026 ஜனவரி 19 முதல் இங்கே சூதாட்டத்தைக் கண்காணிக்கும் கேம்பிளிங் கமிஷன் தடை செய்துவிட்டது. ரக்பி சலுகையில் போன பணத்தைக் கேசினோவில் எடுக்கலாம் என்பதுதான் பல நிறுவனங்களின் கணக்கே. அந்த வழி அடைபட்டதும் ரக்பி சலுகைக்குத் தனியாக நிற்கத் தெம்பு இல்லை. என் கருத்தில் வரியை விட இதுதான் பெரிய அடி.

---

தேநீர்நேரம்:

கண்டிமழை அண்ணா, நான் பந்தயம் கட்டுகிறவள் இல்லை, ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உங்களுக்கு மின்னஞ்சல் நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2025 மே 1 முதல் இங்கே ஒரு விதி. பந்தயம், கேசினோ, பிங்கோ என்று ஒவ்வொன்றுக்கும், மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி என்று ஒவ்வொரு வழிக்கும், வாடிக்கையாளர் தனித்தனியாகச் சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் அனுப்பக் கூடாது. பழைய வாடிக்கையாளர்களுக்கும் இது பொருந்தும். கணக்கில் நுழையும்போது கேட்டிருப்பார்கள், நீங்கள் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கணவருக்காக இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் ஒரு ஊக்கச் சலுகையில்தான் தொடங்கினார். பத்து பவுண்ட் இலவசம், சும்மா போகிறது, கட்டிப் பார்ப்போமே என்று. மூன்று வருஷத்தில் மகள் பெயரில் சேர்த்து வைத்தது போனது. அவர் விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்த வாரத்தில்கூடச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது, உங்களுக்காக ஒரு ஃப்ரீ பெட் காத்திருக்கிறது, இன்று இரவு 12 மணிக்குள் பயன்படுத்துங்கள் என்று. நான் அந்தச் செய்தியை அவர் பார்க்கும் முன் அழித்தேன். இணையப் பந்தயத் தளங்களில் இருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் கேம்ஸ்டாப்பில் ஐந்து வருஷத்துக்குப் பதிவு செய்த பிறகுதான் வீடு அமைதியானது.

நீங்கள் ஆட்டத்துக்குப் பத்து பவுண்டோடு நிறுத்திக்கொள்கிறீர்கள், நல்லது, எல்லோராலும் அது முடிவதில்லை. சலுகை குறைந்தது பற்றி இங்கே கவலையாகப் பேசும்போது, அது குறைந்ததால் நிம்மதியாகத் தூங்குகிற வீடுகளும் இருக்கின்றன என்று சொல்ல நினைத்தேன், அவ்வளவுதான்.

---

கண்டிமழை:

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன். நான் இதை என் பத்து பவுண்ட் கணக்காக மட்டும்தான் பார்த்திருந்தேன்.

நீங்கள் சொன்னதை இப்போதே போய்ப் பார்த்தேன். நான்கில் மூன்று கணக்கில் எல்லாம் 'வேண்டாம்' என்று இருக்கிறது. நான் போட்டதாகவே நினைவில்லை. நான்காவதில் சம்மதம் இருந்தும் ஒன்றும் வருவதில்லை. சலுகைப் பக்கத்தைத் திறந்தால் உங்கள் கணக்குக்கு இது பொருந்தாது என்கிறது. கவுண்டர்க்காரன் அண்ணை, அது ஏன்?

---

சிட்னிவெயில்:

இங்கே ஆஸ்திரேலியாவிலும் இதே பேச்சுதான் நண்பர்களிடம். சட்டம் மட்டும் வேறு. புதுக் கணக்கு திறக்கச் சலுகை கொடுப்பது நாடு முழுக்கத் தடை. எங்கள் நியூ சவுத் வேல்ஸில் பந்தயம் கட்டத் தூண்டும் சலுகையைப் பொதுமக்கள் பார்க்கும்படி விளம்பரம் செய்வதும் குற்றம். ஆகவே கணக்கு உள்ளவர் உள்ளே நுழைந்த பிறகுதான் சலுகையே தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். போனஸ் பெட்டில் (ஃப்ரீ பெட்டுக்கு இங்கே அந்தப் பெயர்) ஜெயித்த பணத்தை மறுபடி மறுபடி கட்டிச் சுழற்றச் சொல்லி நிபந்தனை போடவும் கூடாது, இது நல்ல விதி.

மாநிலங்கள் போடும் வரியும் ஏறிக்கொண்டே வந்தது. எங்களுக்கு 2022 ஜூலையில் 10 சதவீதம் 15 ஆனது, விக்டோரியாவில் 2024 ஜூலையில் 15. அதன் மேல் ஒவ்வொரு விளையாட்டு அமைப்புக்கும் தனிக் கட்டணம். இங்கே இருக்கிற கொஞ்சநஞ்சச் சலுகையும் ரக்பி லீக்கான என்ஆர்எல்லுக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்தான ஏஎஃப்எல்லுக்கும் போகிறது, நாம் பார்க்கும் ரக்பி யூனியனுக்கு மிச்சம்மீதிதான்.

2023 ஜூனில் பீட்டா மர்ஃபி தலைமையிலான நாடாளுமன்றக் குழு, மூன்று வருஷத்தில் இணைய சூதாட்ட விளம்பரத்தை முழுக்க நிறுத்த வேண்டும், அதில் முதல் கட்டத்திலேயே இந்த ஊக்கச் சலுகைகளை நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அம்மா அதே வருஷம் டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார். பரிந்துரையை அப்படியே நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தேநீர்நேரம் சகோதரி எழுதியதைப் படித்தபின் இன்னும் உறுதியாக அப்படித்தான் தோன்றுகிறது.

---

கவுண்டர்க்காரன்:

கண்டிமழை, அந்த நான்காவது கணக்கு. நீங்கள் சலுகை வந்த ஆட்டத்துக்கு மட்டும் கட்டுவீர்களா, வராத வாரம் கட்ட மாட்டீர்களா? அப்படியானால் உங்களைச் சலுகைப் பட்டியலில் இருந்து நீக்கியிருப்பார்கள். யார் சலுகையை மட்டும் எடுக்கிறார், யார் மற்ற இடத்தை விட நல்ல ஆட்ஸ் கிடைக்கும்போது மட்டும் கட்டுகிறார் என்று கணினியே பிரித்துவிடும். பத்து பவுண்ட்காரர் என்று பார்க்காது. எவ்வளவு தோற்பார் என்று கணித்து, நிறையத் தோற்பவருக்குத்தான் சலுகை போகும். அந்தப் பிரிவில் இருந்தபோது என்னால் தாங்க முடியாத விஷயம் இதுதான், வேலையை விட்டதற்கும் இதுவே பாதிக் காரணம். தங்கச்சி வீட்டுக்குச் சனிக்கிழமை காலை வந்த குறுஞ்செய்தி தற்செயலாக வந்தது இல்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். ஃப்ரீ பெட் பத்து பவுண்ட் என்பார்கள், ஆனால் ஜெயித்தாலும் அந்தப் பத்து திரும்ப வராது, மேலே உள்ள லாபம் மட்டும்தான் வரும். 1.5 ஆட்ஸில் (பத்து கட்டினால் மொத்தம் 15 வருவது) போட்டால் அதன் மதிப்பு மூணேகால் பவுண்டுக்குச் சற்றுக் கீழே, 4.0இல் போட்டால் ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. வருஷத்தில் 15 ஆட்டம் கட்டும் உங்களுக்கு, இரண்டு மூன்று இடத்தில் ஆட்ஸ் ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டினாலே அதில் பாதி கிடைத்துவிடும். பெட் பில்டர் பக்கம் போகாதீர்கள். அதில் நிறுவனத்தின் லாபம் சாதாரணப் பந்தயத்தை விட மிக அதிகம், ஆட்ஸைக் கொஞ்சம் கூட்டித் தந்தாலும் அவர்களுக்கு மிஞ்சும். அதனால்தான் ரக்பிக்கு அது ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது.

---

கண்டிமழை:

சரியாகப் பிடித்தீர்கள் அண்ணை, அந்தக் கணக்கில் சலுகை வந்த ஆட்டத்துக்குத்தான் கட்டினேன். நான்காவது கணக்கை மூடச் சொல்லி எழுதிவிட்டேன். மற்ற மூன்றில் சம்மதத்தை மாற்றவில்லை, அப்படியே 'வேண்டாம்' இருக்கட்டும். நவம்பரில் வரும் சர்வதேச ஆட்டங்களுக்கு ஆட்ஸ் ஒப்பிட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் கட்டுகிறேன். சிட்னிவெயில், 2027 ரக்பி உலகக் கோப்பைக்கு உங்கள் ஊருக்கு வருவதாகத் திட்டம், டிக்கெட் விஷயமாகத் தனியாக ஒரு திரி தொடங்குகிறேன், வந்து பாருங்கள்.