ஷார்ஜாவுல இருந்து அப்பாவுக்கு சேட்டிலைட் கருவி வாங்கிட்டு வரலாமா? இல்ல போன் ஜிபிஎஸ்ஸே கடலுக்குப் போதுமா?

தெற்குவாடி_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு பாம்பன் தெற்குவாடி, இப்ப ஷார்ஜாவுல வேலை. அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறாரு, பெரும்பாலும் தென்கடல்தான் (மன்னார் வளைகுடா), காத்து மாறுனா வடகடலுக்கும் (பாக் விரிகுடா) போவாங்க. அவர்கிட்ட ஒரு பழைய கை ஜிபிஎஸ் இருக்கு, ஸ்கிரீன்ல கோடு கோடா வருது, ரெண்டு பட்டன் அமுக்குனாலும் வேலை செய்யாது, ஆனா அவரு பாடுபட்டுச் சேத்த பார் (மீன் கூடுற கடலடிப் பாறை) எடமெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு, அதனால மாத்துன்னா மாத்த மாட்டேங்குறாரு.

அடுத்த மாசம் லீவுல வர்றேன். இங்க ஒரு கடையில உள்ளங்கை சைஸ்ல சேட்டிலைட் மெசஞ்சர் விக்கிறான், டவரே இல்லாத எடத்துல இருந்தும் மெசேஜ் போகும், ஆபத்துன்னா அமுக்க தனியா ஒரு பட்டன் இருக்கு. ரூம்ல எல்லாரும் வாங்குடாங்குறாங்க. அம்மாவுக்கும் அதுதான் கவலை, கரை மறைஞ்சு கொஞ்ச நேரத்துல போன் கட்டாகிரும், அப்புறம் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு தகவலும் இருக்காது. இத வாங்கிட்டு வரலாமா? இல்ல நல்ல ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதுமா, டவர் இல்லைன்னா போன்ல ஜிபிஎஸ் எடுக்குமா எடுக்காதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கீழக்கரை காக்கா:

தம்பி மொதல்ல அந்த மெசஞ்சர வாங்காதீங்க, வாங்கிட்டீங்கன்னா அங்கேயே வித்துட்டு வாங்க. நம்ம நாட்டுல துரையா, இரிடியம் சேட்டிலைட்டோட பேசுற எதையும் டெலிகாம் துறை அனுமதி இல்லாம வச்சிருந்தா கேஸ். 2008 மும்பை தாக்குதலுக்கு வந்தவனுங்க சேட்டிலைட் போன்லதான் பேசுனானுங்க, அதுல இருந்து ரொம்ப கெடுபிடி. இப்ப கடையில விக்கிற அந்தக் குட்டி மெசஞ்சர்ல பாதிக்கு மேல இரிடியத்துலதான் ஓடுது. மலையேற வந்த வெள்ளைக்காரனையே ஏர்போர்ட்ல இதுக்காகப் புடிச்சு உக்கார வச்சிருக்காங்க, பேப்பர்லயே வந்துச்சு. அவனுக்காவது எம்பஸி வரும். நம்ம ஊரு கடல்ல, எல்லைக்குப் பக்கத்துல, மீன் படகுல ஒரு சேட்டிலைட் கருவி மாட்டுச்சுன்னா உங்கப்பா என்னத்தச் சொல்லித் தப்பிப்பாரு? உச்சிப்புளியில நேவி, மண்டபத்துல கோஸ்ட்கார்டு, நடுவுல மரைன் போலீஸ், கியூ பிராஞ்ச்னு போலீசோட உளவுப் பிரிவு. நெனச்சுப் பாருங்க.

ஐபோன்ல சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கேன்னு அடுத்து யாராச்சும் வருவாங்க. 2022ல ஐபோன் 14ஓட வந்தது அது, இந்தியாவுல அந்த சர்வீஸ் கெடையாது, அதுக்குன்னு ஐபோன் வாங்குறது வேஸ்ட். வெறும் ஜிபிஎஸ் கருவி வேற கதை, அது சேட்டிலைட்டுக்கு ஒண்ணும் அனுப்பாது, கேக்க மட்டும்தான் செய்யும். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

ராம்நாடு சர்வீஸ் சென்டர்:

போன் பத்தி நான் சொல்றேன், கடையில தெனமும் இதே கேள்விதான்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேணாம் சிம்மும் வேணாம். மேல இருந்து சேட்டிலைட் நேரத்தையும் அது எங்க இருக்குங்கிறதையும் சொல்லிக்கிட்டே இருக்கும், போன் அதக் கேட்டு கணக்குப் போட்டுக்கும், அவ்ளோதான். அப்புறம் ஏன் கடல்ல எடுக்கலைங்குறாங்கன்னா, கரையில இருக்கும்போது சேட்டிலைட் எங்கெங்க நிக்கிதுங்கிற கணக்க போன் நெட்ல இருந்து சட்டுனு எறக்கிக்குது, அதனாலதான் ஆன் பண்ண ஒடனே புள்ளி வருது. நெட் இல்லைன்னா அதே கணக்க சேட்டிலைட்கிட்ட இருந்தே வாங்கணும், அது செகண்டுக்கு 50 பிட்டுதான் அனுப்பும், எவ்ளோ மெதுவுன்னு பாத்துக்கங்க. ஒரு சேட்டிலைட்டோட சொந்தக் கணக்கு முழுசா வர 30 செகண்ட், எல்லா சேட்டிலைட்டோட பட்டியலும் வர 12 நிமிஷத்துக்கு மேல. நம்மாளு போன பாக்கெட்ல இருந்து எடுத்து ஒரு நிமிஷம் பாத்துட்டு எடுக்கலைன்னு திரும்ப உள்ள போட்டுருவாரு. கரையிலயே நெட் இருக்கும்போது ஆன் பண்ணி புள்ளி வந்த பெறகு படக எடுக்கச் சொல்லுங்க, இந்தப் பிரச்சினையே இருக்காது.

அப்புறம் கரை தாண்டுனதும் ஏரோபிளேன் மோட் போடச் சொல்லுங்க. டவர் இல்லாத எடத்துல போன் டவரத் தேடித்தேடியே சார்ஜ் எறங்கிரும், இப்ப வர்ற போன் எல்லாத்துலயும் ஏரோபிளேன் மோட்லயும் ஜிபிஎஸ் ஓடும். தனுஷ்கோடி பக்கம் போனா இலங்கை டவர் வேற வந்து ஒட்டிக்கும், ரோமிங் ஆன்ல இருந்துச்சுன்னா பில்லப் பாத்து உங்களுக்குத்தான் ஷார்ஜாவுல நெஞ்சு வலிக்கும்.

ஐபி68 வாட்டர்ப்ரூஃப்னு நம்பி ஏமாறாதீங்க. அந்த டெஸ்ட் நல்ல தண்ணியில பண்றது, உப்புத்தண்ணிக்கு கம்பெனியே பொறுப்பு எடுக்காது. என் டேபிளுக்கு வர்ற மீனவங்க போன்ல சார்ஜிங் ஓட்டையப் பாத்தீங்கன்னா பச்சையா பூத்துப்போய் இருக்கும், உள்ள ஊசி ஊசியா இருக்கிற காண்டாக்ட் அரிச்சு எறங்கிருக்கும், துடைச்சுக் குடுத்தா பத்து நாள்ல திரும்ப வருவாங்க. நூறு ரூவா பிளாஸ்டிக் உறை, கழுத்துல மாட்டுறது, அது போதும். ஈரத்தோட சார்ஜ் மட்டும் போட வேணாம்.

நாவிக் இருக்கிற போன்தான் வேணுமான்னும் கேப்பீங்க. ஜிபிஎஸ் மாதிரியே நம்ம இஸ்ரோ விட்ட சேட்டிலைட்டுங்க அது, இருந்தா நல்லது, இல்லைன்னாலும் ஒண்ணும் குடி முழுகாது. இப்ப போன்லாம் ஜிபிஎஸ், ரஷ்யாக்காரன், ஐரோப்பாக்காரன், சீனாக்காரன் எல்லார் சேட்டிலைட்டையும் சேத்துத்தான் எடுக்குது. 2023 மே மாசம் விட்ட என்விஎஸ்-01ல இருந்துதான் சாதா போனுக்கு ஒத்துவர்ற எல்1 அலைவரிசையே நாவிக்ல வந்துச்சு.

கச்சான்காத்து:

நான் தங்கச்சிமடம், வள்ளத்துல போற ஆளு. மேல ரெண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனா முக்கியமானத விட்டுட்டீங்க.

உங்கப்பா பழைய கருவியில இருக்கிற பார் நம்பர் எல்லாம் டிகிரி நிமிஷத்துல இருக்கும். போன் அப்படி காட்டாது, டிகிரிக்கு அப்புறம் புள்ளி வச்சு நேரா டெசிமல்ல காட்டும். இங்கதான் ஆளுக மண்டை காயுறது. உதாரணத்துக்கு கருவியில 9 டிகிரி 15.5 நிமிஷம்னு இருக்குன்னு வைங்க. அத அப்படியே 9.155ன்னு போன்ல அடிச்சா பாருக்கு 11 கிலோமீட்டர் தெக்க போய் நிப்பீங்க. 15.5ஐ 60ஆல வகுத்து 9.2583ன்னு அடிக்கணும். பாரும் இல்ல மீனும் இல்ல, டீசல் போனதுதான் மிச்சம், அப்புறம் போன் சரியில்லைன்னு அதப்போட்டுத் திட்டுவாங்க. இதுக்கு ஒவ்வொரு நம்பரையும் ஒக்காந்து வகுக்க வேணாம், ஓஸ்ம்ஆண்ட் மாதிரி மேப் ஆப்ல செட்டிங்ஸ்ல போய் டிகிரி நிமிஷம்னு மாத்திட்டா கருவியில இருக்கிறது மாதிரியே அடிக்கலாம். கடல் கணக்குக்கும் அதுதான் தோது, வடக்கு தெக்கா ஒரு நிமிஷம்னா ஒரு நாட்டிக்கல் மைல். 1974ல கச்சத்தீவக் குடுத்த ஒப்பந்தத்துலயும் வடகடல் எல்லைக் கோட்ட டிகிரி நிமிஷத்துலதான் 6 பாயிண்டா எழுதி வச்சிருக்கான். தென்கடல் பக்கத்துக் கோடு 1976ல போட்டது.

லீவுல வரும்போது ஒரு நோட்டு எடுத்து, அந்தக் கருவி மொத்தமா சாகுறதுக்குள்ள எல்லா நம்பரையும் அப்பாவ வச்சே எழுதிருங்க, எந்தப் பாருன்னு பேரோட. மத்தவங்க முன்னாடி எழுத மாட்டாரு, கதவச் சாத்திட்டு எழுதுங்க 😀

இன்னொண்ணு, போன்ல தெச காட்டுற முள்ள எஞ்சின் பக்கத்துல வச்சுப் பாக்கக்கூடாது, இரும்புக்கு அது இழுத்துக்கும். படகு ஓடும்போது ஜிபிஎஸ் காட்டுற தெசதான் சரி.

தகவலுக்கு வழி என்னன்னா, இஸ்ரோ செஞ்ச டிரான்ஸ்பாண்டர் இருக்கு, நபமித்ரான்னு பேரு. 2024 ஆகஸ்ட்ல 364 கோடியில ஒரு லட்சம் படகுக்குன்னு திட்டம் ஆரம்பிச்சாங்க, விசைப்படகு மட்டும் இல்ல, மோட்டார் வச்ச படகுக்கும் சேத்துத்தான், காசு வாங்காமத்தான் மாட்டுறாங்க. ப்ளூடூத்துல போன்ல சேத்துக்கிட்டா டவர் இல்லாமயே கரைக்கு மெசேஜ் போகும் வரும், எல்லை நெருங்குனா சத்தம் குடுக்கும். நீங்க ஷார்ஜாவுல பாத்தது செய்யிற வேலைதான், இது சட்டப்படி. படகு பதிவு புக்கோட மீன்துறை ஆபீஸ்ல போய்க் கேளுங்க.

மண்டபம் மாப்ள:

மச்சான் டிரான்ஸ்பாண்டர் நல்லதுதான் யாரு இல்லைங்குறா, ஆனா அத மாட்டுனா நாம எங்க போறோம் எங்க நிக்கிறோம்னு கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான், நாளைக்கு நீ எல்லைக் கோடு தாண்டுன, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்ல, மானியம் இல்லைன்னு அத வச்சே மடக்குவான். எல்லை எங்க இருக்குன்னு தெரியாம எவனும் போகல, மீன் அந்தப் பக்கம் கெடக்கு அதான் போறான். கருவி சத்தம் போட்டா மட்டும் நின்னுருவானா?

கச்சான்காத்து:

மாப்ள நீ சொல்றது விசைப்படகுக்குப் பொருந்தும், அந்த சண்டைய இங்க இழுக்காத, இந்தத் தம்பி கேட்டது அப்பா நல்லா இருக்காருன்னு அம்மாவுக்குத் தெரியணும்னு. நாட்டுப்படகுல எஞ்சின் நின்னு கச்சான் காத்துல இழுத்துட்டுப் போறப்ப எவன் பாத்தாலும் சரி, யாராச்சும் பாத்தா போதும்னு இருக்கும். எனக்குப் பாக்குறது பெரிசாத் தெரியல. கெடைக்க எவ்ளோ நாளாகும்ங்கிறதுதான் எனக்குக் கவலை, அது ஆபீசப் பொறுத்தது.

தெற்குவாடி_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெசஞ்சர் கேன்சல், ரூம்ல சொன்னா நம்ப மாட்டேங்குறானுங்க, காக்கா எழுதுனத அப்படியே காட்டுனேன். கருவி கெடைக்கிற வரைக்கும் அவசரத்துக்கு என்ன பண்றது, அதையும் சொல்லிருங்க.

கீழக்கரை காக்கா:

டவர் தொடுற தூரத்துல இருந்தா 1554, கோஸ்ட்கார்டு நம்பர், காசு கெடையாது. மரைன் போலீசுக்கு 1093. ரெண்டையும் போன்ல போட்டு வைக்கிறதோட படகுல பெயிண்ட்லயும் எழுதிருங்க, போன் நனைஞ்சா ஒண்ணும் தெரியாது. டவர் இல்லாத தூரம்னா விஎச்எஃப் வாக்கிடாக்கி ரேடியோதான், ஆபத்துக்குக் கூப்பிட சேனல் 16. அதுக்கும் லைசென்ஸ் இருக்கு, துபாய்ல சல்லிசா கெடைக்குதுன்னு அதையும் பொட்டியில அமுக்கிட்டு வந்துராதீங்க, இங்கேயே முறையா வாங்கிக்கலாம். போகும்போது எந்தப் பக்கம் போறோம், எத்தனை மணிக்கு வருவோம்னு அம்மாகிட்ட அப்பா சொல்லிட்டுப் போறாரா? அதையும் கேளுங்க.

தெற்குவாடி_பையன்:

எங்க சொல்றாரு காக்கா, கடலுக்குப் போகும்போது எங்க போறன்னு கேட்டாலே திட்டுதான் விழும். நோட்டுல எழுதுறப்ப பேசிப் பாக்குறேன்.