.308 போதுமா, 6.5 கிரீட்மூருக்கு மாறணுமா?

சேலம்_குறி: அண்ணே, 300 மீட்டர் பேப்பர் டார்கெட்டுக்கு, 1952-ல வந்த .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாவை விட்டுட்டு 2007-ல வந்த 6.5 கிரீட்மூருக்கு மாறலாமா?

பேரல்பித்தன்: 300-க்கு வேண்டாம் தம்பி. 600 தாண்டினாத்தான் வித்தியாசம் தெரியும். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) எடையுள்ள 6.5 குண்டு ஒல்லி, நீளம். பக்கக்காத்துல விலகல் கம்மி, உதைப்பும் கம்மி. ஆனா பேரல் சீக்கிரம் போயிடும். கிட்டத்தட்ட .308 அளவு வெடிமருந்து அதைவிடச் சின்னத் துளைக்குள்ள எரியுது. சேம்பரை (தோட்டா உக்கார்ற இடம்) தாண்டின உடனே ரைஃப்ளிங் (குண்டைச் சுழல வைக்கிற உள்வரிகள்) அரிச்சு, சுமார் 2,500 சுற்றுல குரூப், அதாவது குண்டுகள் படுற வட்டம், விரியத் தொடங்கும். .308 சாதாரணமா 5,000 தாங்கும்.

சேர்வராயன்: 1890-கள்ல பிறந்த 6.5×55 ஸ்வீடிஷ் தோட்டாவும் இதே வேலையைச் செய்யுதே! நீள குண்டு, ரைஃப்ளிங்ல 8 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு, அதுதான் விஷயம். இன்னொண்ணு: சேலம் உயரத்துல ஜீரோ பண்ணிட்டு (குறி வச்ச இடத்துல குண்டு படுற மாதிரி சைட்டைச் சரி பண்ணிட்டு) ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் உயரத்துல சுட்டா, காத்து மெலிசு, 600-ல குண்டு மேல படும்.

சேலம்_குறி: சரிண்ணே, .308-லயே இருக்கேன்.