வீட்டுத் தொழில்: முதலில் ஒரே பொடியா, எட்டு வகையுமா?

தாம்பரத்துக்காரி:
வணக்கம். தாம்பரம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், மொத்தம் 120 வீடுகள். வீட்டிலிருந்தே செய்து விற்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன்: இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, கூழ் வடகம், இட்லி மாவு. எல்லாம் கைப்பழக்கம்தான். "எல்லாத்தையும் போடு, எது ஓடுதோ ஓடட்டும்" என்கிறார் வீட்டுக்காரர். கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. முதலில் எதை இறக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
ஒன்றே ஒன்று. இட்லிப் பொடி, 100 கிராம், ஒரே விலை.

5,000 ரூபாயை எட்டாகப் பிரித்தால் எதற்கும் போதாது. தொக்குக்கு நல்லெண்ணெயும் பாட்டிலும் வாங்க வேண்டும், தக்காளி விலை இன்று ஒன்று நாளை ஒன்று. வடகத்துக்கு வெயில் வேண்டும், மொட்டை மாடிச் சாவியும் வேண்டும். பொடிக்கு உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம், உப்பு போதும். மிச்சமானாலும் உங்கள் வீட்டுச் சமையலுக்கே ஆகும்.

அப்புறம், குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எட்டு வரிப் பட்டியல் போட்டால் எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள், ஆர்டர் வராது. இப்படிப் போடுங்கள்: "இட்லிப் பொடி 100 கிராம் 50 ரூபாய். வியாழன் இரவுக்குள் சொன்னால் சனிக்கிழமை காலை வீட்டு வாசலில்." ஞாயிறு காலை எல்லார் வீட்டிலும் இட்லியோ தோசையோதான்.

மாவுக்கடை மணி:
ஒன்று மட்டும் என்பது சரி. பொடி என்பதுதான் சரியில்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 100 கிராம் பொடி ஒரு மாதம்கூடக் கிடக்கும். அதற்குள் உங்களை மறந்துவிடுவார்கள். மாவு என்றால் வாரம் இரண்டு தடவை கதவைத் தட்டலாம். பெங்களூரில் 2005இல் ஒரு சின்ன இடத்தில் மாவு அரைத்துத் தொடங்கியதுதான் இன்றைய ஐடி ஃப்ரெஷ் நிறுவனம். மாவில்தான் ஆரம்பித்தார்கள், பொடியில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
மணி அண்ணே, அவர்கள் கடைகளுக்குப் போட்டார்கள். இந்தத் தங்கச்சி தனியாளாக மாடிப்படி ஏற வேண்டும்.

எங்கள் பக்கத்து விலையில் கணக்கு இது. 1 கிலோ மாவுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் வரும். தெருமுனைக் கடையில் 45, 50க்குக் கிடைக்கும்போது அதற்கு மேல் கேட்க முடியாது. மிஞ்சுவது 15, 20. பொடிக்கு 1 கிலோவுக்குச் சாமான் 155 ரூபாய், கேஸ், கரண்டுக்கு 20. பாக்கெட், லேபிள் சேர்த்தால் 100 கிராமுக்கு 23 ரூபாய் அடக்கம். 50க்கு விற்றால் 27 நிற்கிறது. 10 பாக்கெட் பொடிக்கு வரும் லாபத்தை மாவில் எடுக்க 15 கிலோ அரைத்துச் சுமக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மாவு பொங்கிக் கவரைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்த நஷ்டமும் உங்களுடையது.

மாவுக்கடை மணி:
உங்கள் கணக்கில் சம்பளம் எங்கே? வறுக்க, ஆறவைக்க, அரைக்க, சலிக்க, எடைபோட, ஒட்ட. பொடிக்கும் கை வலிக்கும் சாமி.

வேளச்சேரி வத்சலா:
இரண்டு பேரும் ஒன்றிலேயே நிற்கிறீர்கள். நான் பொடிதான் விற்கிறேன். வாங்குகிறவர் அடுத்த வார்த்தையிலேயே "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார். இல்லை என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் 50 கிராம் வீதம் ஒரே செட்டாகக் கட்டிக் கொடுங்கள். திரும்ப எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் எது ஓடும் என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை:
வத்சலா அக்கா, கடைசிக் கேள்வி நியாயம்தான். ஆனால் உங்களுக்கு விற்றுக் கை பழகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று பொடி என்றால் மூன்று பக்குவம், மூன்று லேபிள். கறிவேப்பிலை மொறுமொறு என்று காயாமல் ஈரம் நின்றால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். முதல் மாதத்திலேயே அப்படி ஒரு பாக்கெட் போனால் நல்ல இட்லிப் பொடிக்கும் சேர்த்துப் பெயர் கெடும்.

லிஜ்ஜத் அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் மும்பை கிர்காவ் பகுதியில் 7 பெண்கள், 80 ரூபாய் கடன், முதல் நாள் 4 பாக்கெட். அப்பளம் ஒன்றுதான். முதலில் நல்ல ரகம், மட்ட ரகம் என்று இரண்டு போட்டார்கள். மட்ட ரகம் வேண்டவே வேண்டாம் என்று அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர் சொல்ல, ஒரே தரமாக்கினார்கள். மசாலா, காக்ரா (மொறுமொறு ரொட்டி) எல்லாம் 1970களில்தான்.

வேளச்சேரி வத்சலா:
அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த 4 பாக்கெட்டும் மும்பை புலேஷ்வர் கடைத்தெருவில் அவர்களுக்குத் தெரிந்த வியாபாரிக்குத்தான் போனது. வாங்க ஆள் இருந்தது, அதனால் ஒரு பொருள் போதும். இவருக்கு யார் இருக்கிறார்கள்?

மாவுக்கடை மணி:
120 வீடு இருக்கிறதே! எந்த வீட்டில் எதை வெளியே வாங்குகிறார்கள் என்று கேட்டாலே போதும். லிஃப்டில் வரும் பைகளைப் பார்த்தாலும் தெரியும். நம் பட்டியலில் தொடங்குவதைவிட அது மேல். கேட்டால் மாவு என்றுதான் சொல்வார்கள், அது வேறு.

ஈரோட்டு மஞ்சள்:
எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில். "பக்கத்து வீட்டுக்குத்தானே" என்று விடாதீர்கள். சிறு அளவில் செய்கிறவர்களுக்கு அடிப்படைப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனிலேயே போடலாம். கிடைக்கும் 14 இலக்க எண், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் வர வேண்டும். பொருள் ஒன்று என்றால் லேபிளும் ஒன்று. அதனால் என் ஓட்டு கணக்குப்பிள்ளைக்கு.

பக்குவம் ஒன்றும் சொல்கிறேன். வறுத்தது நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். அரைத்ததையும் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் பாக்கெட்டில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் பாக்கெட் உள்ளே வியர்த்துப் பொடி கட்டிதட்டும். எள்ளைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று. கூடுதலாக ஓட்டினால் எண்ணெய் விட்டு ஜாரில் அப்பிக்கொள்ளும்.

தாம்பரத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணன் சொன்னதுபோல் எங்கள் பிளாக்கில் கேட்டுப் பார்த்தேன். மாவு பெரும்பாலும் கீழே கடையில் வாங்குகிறார்கள், குறையும் சொல்லவில்லை. பொடி பாதிப் பேருக்கு ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்புகிறார்கள். மீதிப் பேர் கடைப் பாக்கெட்டில் எள் வாசனையே இல்லை என்கிறார்கள். அந்த மீதிப் பேருக்கு இட்லிப் பொடி போடுகிறேன். பதிவு வந்ததும் சனிக்கிழமைக் கணக்கில் ஆரம்பம். "எட்டில் ஏழு பொருளை அடித்துவிட்டாயே" என்று வீட்டுக்காரருக்கு வருத்தம்.

ஒரு சந்தேகம். குழந்தைகள் உள்ள வீடுகளில் காரம் குறைத்துக் கேட்கிறார்கள். காரம், காரமில்லாதது என்று இரண்டாகப் போடவா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். மூன்று மாதம் போகட்டும்.

வேளச்சேரி வத்சலா:
தாராளமாகப் போடுங்கள். முன்கூட்டியே ஆர்டர் வாங்கித்தானே அரைக்கப் போகிறீர்கள், கேட்டவர்களுக்கு மட்டும் மிளகாயைக் குறைத்தால் ஆயிற்று. வறுப்பது ஒரே வறுவல்தான்.

மாவுக்கடை மணி:
மாவில் இந்தத் தொல்லையே இல்லை.