கடித்த மீன் துப்பாமல் இருக்க: மணக்கும் ரப்பர் புழு அனுபவங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள்ளில் இரையாக மாட்டும் செயற்கைப் புழுவில் மணம் ஏற்றி விற்கிறார்களே, அந்த ரப்பர் புழு என்றாலே எனக்குச் சிரிப்புதான். அந்த மணம் தூண்டில்காரனைப் பிடிக்கத்தானே தவிர மீனைப் பிடிக்க அல்ல என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலையில் என் வாய் அடைத்துப்போனது. நானும் மச்சானும் ஒரே படகில் இருந்தோம். இருவருக்கும் அதே நான்கு அங்குலப் புழு, அதே நிறம், அதே எடை ஜிக் (ஈயத் தலை வைத்த முள்). அவனுடையதில் பூண்டு மணம், என்னுடையது வெறும் ரப்பர். மீன் இரையைத் தட்டுவது இருவருக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது, இதைக் கவனியுங்கள். ஆனால் நான் ராடைத் தூக்கினால் தூண்டில் நரம்பு காலியாக வரும். அவன் தூக்கினால் கனக்கும். மதியத்துக்குள் அவனுக்கு ஏழு, எனக்கு ஒன்று. அந்த ஒன்றும் ஏதோ கவனக்குறைவில் வந்து மாட்டியிருக்க வேண்டும்.

அதன்பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: மணம் மீனைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. வாயில் போட்டதை உடனே துப்பாமல் வைத்திருக்கச் செய்கிறது. அந்த ஓரிரு நொடிதான் நமக்கு வேண்டியது. உங்களுக்கு எப்படி?

*

தம்பி சொல்வது பாதி சரி. மீன் எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள். இருட்டில், சேற்றுத் தண்ணீரில் அது கண்ணை நம்பி வாழ்வதில்லை. நான் இரவில் கெளுத்திக்குப் போனால் புழுவை இழுக்கவே மாட்டேன். அடியில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருப்பேன். மணம் பரவ நேரம் கொடுக்க வேண்டும், நீரோட்டமும் கொஞ்சம் இருக்க வேண்டும். மீன் அடிக்கும்போது நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வரும்.

இன்னொன்று. கடையில் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குகிறோமே, அது நம் மூக்குக்கு. மீனுக்கு எட்ட வேண்டுமானால் தண்ணீரில் கரைய வேண்டும். எண்ணெய் மணத்தைத் தடவி ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், மேலே வட்டமாகப் படலம் மிதக்கும். புழு அடியில், மணம் மேலே! அமினோ அமிலம், உப்பு இவையெல்லாம் கரையும். உப்பு ஏற்றிய புழு கனமாகி வேகமாக மூழ்கும், அது தனி லாபம்.

*

மணம் கூப்பிடாது என்று யார் சொன்னது? பேத்தை மீனைக் கேளுங்கள். கழிமுகத்தில் இறால் மணப் புழு போட்டேன், கொடுவாவுக்காக. அரை மணி நேரத்தில் ஐந்து வால் போச்சு. வெட்டியது போல அரைவட்டக் கடி. மணமில்லாததை மாட்டியதும் தொல்லை குறைந்தது. கொடுவா இரண்டுக்கும் வரவில்லை, அது வேறு விஷயம்.

*

எனக்கு மீனால் வந்த பாடம் இல்லை, டப்பாவால் வந்த பாடம். மழைக்காலம் முழுக்க மீன்பிடிக்கப் போகவில்லை. திறந்து பார்த்தால் புழுக்கள் எல்லாம் ஒரே களியாகக் கிடந்தன, டப்பாவின் அடியும் கூடவே உருகிப் பிசுபிசுத்தது. விசாரித்த பிறகுதான் புரிந்தது. வழக்கமான புழு பிவிசி. அதை மெத்தென்று வைக்க ஓர் எண்ணெய் சேர்க்கிறார்கள், அது சில கெட்டிப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். இழுத்தால் இழுபடும், சுலபத்தில் கிழியாத, மிதக்கும் வகை ஒன்று இருக்கிறதே, அது வேறு ரசாயனம். இரண்டையும் ஒரே பையில் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் இரண்டு வகையையும் நிறவாரியாக அடுக்கி, அழகு பார்த்து வைத்திருந்தேன்!

நீரை அடிப்படையாகக் கொண்ட, திரவத்தில் ஊறவைத்த வகை இன்னொரு தலைவலி. அதில் மணம் நன்றாகவே வெளியேறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாட்டிய புழுவை ராடிலேயே வெயிலில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், மறுநாள் அது முள்ளோடு சேர்ந்து கல்லாகியிருக்கும். கத்தியால் செதுக்கித்தான் எடுத்தேன். இப்போதெல்லாம் வாங்கிய பாக்கெட்டிலேயே வைத்து, வாயை இறுக்கி மூடிவிடுகிறேன்.

*

மூடுவது என்றதும் நினைவு வருகிறது. கணவாய் மணத் திரவம், காரின் பின்னிருக்கை, கோடை, சரியாக மூடாத பாக்கெட். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. என் மனைவி இன்றுவரை அந்தக் காரில் ஜன்னலைத் திறந்துதான் வருகிறாள்.

*

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபப்படாதீர்கள். தெளிந்த தண்ணீர், வேகமாக இழுக்கும் பேடில் டெயில் (துடுப்பு போல வால் ஆடும் ரப்பர் இரை), பகல் வெளிச்சம். இதில் இருபது வீச்சுக்கு ஒருமுறை மணமுள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பல நாட்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. துரத்தி வந்து அடிக்கும் மீனுக்கு முகர நேரம் ஏது? மச்சான் கதையில்கூட எனக்கு ஒரு சந்தேகம். மணத்தை நம்புகிறவன் புழுவை மெதுவாக இழுப்பான், தண்ணீரில் அதிக நேரம் வைத்திருப்பான். குளிர்ந்த நீரில் அதுவே மீன் தரும்.

நல்ல மணம் சேர்ப்பதைவிடக் கெட்ட மணம் சேராமல் பார்ப்பது முக்கியம் என்பது என் கட்சி. 1950களில் கனடாவில் சால்மன் மீன்களை வைத்துப் பார்த்தார்கள். மனிதன் கை கழுவிய நீர் ஆற்றில் கலந்தபோது, எதிர்நீச்சல் போட்டு வந்த மீன்கள் கலைந்தன. தோலில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எல்லா மீனும் அப்படியா என்றால் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனாலும் பெட்ரோல் நிரப்பிய கையோடு, வெயிலுக்குப் பூசிய கிரீமோடு புழுவைத் தொடுவதில்லை. கொசுவுக்குத் தடவும் மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் ரப்பரையே இளக்கிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

துப்பாமல் வைத்திருக்கிறது என்று எல்லோரும் மகிழ்கிறீர்கள். பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிற எனக்கு அதுவேதான் கவலை. போன மாதம் ஒரு விரால் முள்ளை வயிறுவரை இறக்கிவிட்டது. நான் தூங்கி வழிந்து கொண்டிருந்தேன், தப்பு என்னுடையதுதான். நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விட்டுவிட்டேன், பிழைத்ததா தெரியாது. இப்போது மணப்புழு என்றால் முள்ளின் நுனிக்கருகில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுகிறேன், நரம்பிலிருந்து கையை எடுப்பதில்லை.

கிழிந்த புழுவைத் தண்ணீரில் எறியாதீர்கள். மணம் இருப்பதால் மீன் அதைச் சும்மாவே விழுங்கும், செரிக்காது. அப்புறம் செயற்கை இரை மட்டுமே அனுமதி என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் விதியை முழுக்கப் படியுங்கள். சில இடங்களில் மணம் ஏற்றியதைச் செயற்கை இரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புழுவும் பையுமாகத் திரும்பி நடந்த அனுபவம் எனக்கு உண்டு.

*

உங்கள் பதில்கள் எல்லாவற்றையும் மச்சானிடம் படித்துக் காட்டினேன். மெதுவாக இழுத்ததால்தான் மாட்டியது என்ற இடத்தில் மட்டும் முகம் சுருங்கியது. அடுத்த வாரம் பாக்கெட்டை மாற்றிக்கொண்டு போகலாம், எனக்குப் பூண்டு, உனக்கு வெறும் ரப்பர் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவன், மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை.