மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் வண்டிகள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சுன்னாகத்து மகள்

1992, மாரி காலம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்கள், வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இரவு பதினொரு மணி போல அம்மாவுக்கு வலி தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஓடக்கூடிய கார் ஒன்றுதான், ஒரு பழைய ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி. மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹாண்டில் அடித்து, மருந்து ஏற்றும் ஊசியால் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அப்படித்தான் புறப்பட்டோம். இணுவில் தாண்டி, தாவடிக்குக் கிட்ட நின்றுவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பற்றறிக்கும் தடை என்பதால் வீட்டில் டோர்ச் இல்லை. ஆஸ்பத்திரியில் தேவைப்படும் என்று ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்திருந்தோம். பின்சீற்றில் அம்மா முனகுகிறார். ஓட்டி வந்த ஐயா பொனற்றைத் திறந்து குனிந்து நிற்கிறார். அவருக்கு வெளிச்சம் வேண்டுமே என்று விளக்கைக் கொளுத்திக் கொண்டு கிட்டப் போனேன்.

"விளக்கை அங்கால கொண்டு போ! போ எண்டுறன்!"

அவர் தள்ளிய தள்ளில் நான் வெள்ள வாய்க்காலுக்குள் விழுந்தேன், விளக்கும் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. போத்தல் மூடியை அவர் பல்லால் இழுக்கும் சத்தம், அப்புறம் பெற்றோல் மணம், அப்புறம் ஹாண்டில். அவ்வளவையும் அந்த இருட்டில் கைத்தடவலில் செய்தார். விடிவதற்குள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் தம்பி பிறந்தான்.

தள்ளிவிட்டவர் என்று அதன் பிறகு அவரோடு நான் கதைக்கவே இல்லை. அந்தக் கார் ஒழுங்கைக்குள் வந்தால் ஒளித்துக்கொள்வேன். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அவரைக் காணவில்லை.

நாவற்குழி வரை

1995 ஒக்ரோபர் 30 இரவு. ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து அந்த ஒரே றோட்டால் தென்மராட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை வேறு. அப்பாவின் சி.90 மோட்டச்சைக்கிளில் முன்னுக்கு நான், பின்னுக்கு அரிசி மூட்டையும் அம்மாவின் தையல் மெசினும். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அது. நிற்பாட்டினால் சூடு ஆறிவிடும், திரும்ப ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோல் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பனடோல் சிரப் போத்தலின் அடியில் கிடந்த கொஞ்சம்தான். அதனால் சனத்துக்குள் அடி அடியாக நகரும்போதும் அப்பா எஞ்சினை விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு ஆச்சி நடந்து வந்தார். புகை முழுக்க அவரின் முகத்தில்தான். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது அப்பாவின் முதுகைத் தொட்டு, "தம்பி, ஒருக்கா நிப்பாட்டு ராசா, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்றார்.

அப்பா நிற்பாட்டினார். பிறகு அது ஸ்ரார்ட் ஆகவே இல்லை. சாவகச்சேரி வரை தள்ளிக்கொண்டே போனார். நான் இறங்கி நடந்தேன். ஆச்சி எங்களைக் கடந்து போய்விட்டார். நிற்பாட்டாமல் இருந்திருக்கலாமே என்று அன்று நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இன்றைக்கும் திரும்ப எடுக்க முடியாமல் இருக்கிறேன்.

பழைய கராஜ்காரன்

நான் கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவன். இரண்டு பதிவுக்கும் பதில் எழுதவேண்டி இருக்கிறது.

தங்கச்சி, அவர் உங்களைத் தள்ளியது சரி. அது கோபம் இல்லை. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். பெற்றோல் அப்படி இல்லை, எந்தக் குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு ஊர்ந்து போகும். விளக்கோடு நீங்கள் இரண்டு அடி கிட்டப் போயிருந்தால் அவரும் இல்லை, காரும் இல்லை, உள்ளே இருந்த அம்மாவும் இல்லை. விளக்கிலும் மண்ணெண்ணெய், காரிலும் மண்ணெண்ணெய் என்று பழகிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

மற்றத் தம்பிக்கு: எஞ்சினை அப்படியே நிற்பாட்டியிருக்கக்கூடாது. முதலில் மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டி, மிச்சப் பெற்றோலை விட்டு அரை நிமிடம் ஓடவிட்டுத்தான் நிற்பாட்டவேண்டும். அப்போதுதான் கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெற்றோல் நிற்கும், அடுத்த உதைக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இளம் பிள்ளைகள் "அந்தக் காலத்தில் ஓடியதுதானே" என்று வந்து நிற்கிறார்கள். அது ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. ஏ ஃபோர்ட்டி, மொரிஸ் மைனர் எல்லாம் குறைந்த கொம்பிரஷன் எஞ்சின்கள், அதாவது எரிபொருள் கலவையைக் குறைவாக அழுத்துபவை, ஏ ஃபோர்ட்டியில் ஏழு மடங்குக்குச் சற்று மேலே. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் தாங்கும் தன்மை, மிகக் குறைவு, கொம்பிரஷன் கூடினால் தன்பாட்டில் பற்றி எஞ்சினைத் தட்டும். நாங்கள் ரைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைத்தோம். செப்புக் குழாயைப் புகை போகும் சூடான மனிபோல்டில் சுற்றி, எண்ணெயைச் சூடாக்கி உள்ளே விட்டோம். அந்தக் காலத்துப் பெர்குசன் உழவு இயந்திரத்திலே கொம்பனியே இந்த வகை எண்ணெய்க்கென்று ஒரு மொடலைச் செய்து விற்றது. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மாற்றுவது. ஆகவே நாங்கள் செய்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும், நல்லது என்று நினைப்பார்கள். தண்ணிபோல இளகிய ஒயில் அது. அப்படித்தான் பல நல்ல எஞ்சின்களின் பெயரிங் போனது. தேங்காய் எண்ணெய் கலந்தால் சரி என்பவர்களுக்கும் சொல்கிறேன், அது டூ ஸ்ட்ரோக்குக்கு ஒயில் இல்லாத காலத்தில் செய்தது. காருக்கு விடாதீர்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு மண்ணெண்ணெயே விடவேண்டாம். சென்சர், கற்றலிஸ்ட் எல்லாம் போகும், பிறகு அழுவீர்கள்.

என் சம்பவம் என்றால், ஒரு பெரியவர் தன் மொரிஸ் மைனரைக் கொண்டுவந்து "இதை மட்டும் மண்ணெண்ணெய்க்கு மாத்தாதை, நிக்கட்டும்" என்றார். நான்கு வருடம் நின்றது. கிழமைக்கு ஒருமுறை வந்து துடைத்துவிட்டுப் போவார்.

நாவற்குழி வரை

அண்ணை, கோபிக்கவேண்டாம். பின்னால் நிற்கிற ஆச்சிக்கு மூச்சு முட்டும்போது குழாயைப் பூட்டி அரை நிமிடம் ஓடவிடுவது எப்படி? மிச்சம் இருந்த பெற்றோலும் ஒரு கரண்டி. அப்பா செய்தது பிழை என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும், அன்று நான் சொன்னதுதான் திரும்பக் காதில் கேட்டது.

பழைய கராஜ்காரன்

சரி தம்பி. கராஜில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். அந்த றோட்டில் நானும் நடந்தவன்தான். அப்பா செய்ததுதான் சரி.

ஓட்டோ 2022

நான் 95க்குப் பிறகு பிறந்தவன், ஆனால் எனக்கும் ஒன்று இருக்கிறது. 2022 யூலையில் எரிபொருளைப் பங்கிட கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். ஹயர் ஓட அது எந்த மூலைக்கு? பெற்றோல் 470 ரூபாய்க்குப் போயிருந்தது, மண்ணெண்ணெய் 87. நானும் கலந்து ஓடினேன். புகையும் தட்டலும் இருந்தது, ஆனாலும் ஓடியது.

ஒருநாள் விடிய நாலு மணிக்கே கானோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்குக் கொடுத்ததோடு எண்ணெய் முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் குருநகர் ஐயா ஒருவர், வள்ளத்து எஞ்சினுக்காக வந்து நின்றவர். ஓட்டோவுக்குள் நான் கானை வைக்கும்போது பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, றோட்டில ஓட உங்களுக்கு வேற எண்ணெயும் இருக்கு. கடலுக்குப் போக எனக்கு இது ஒண்டுதான்" என்றார். சத்தம் போடவில்லை.

பாதியைக் கொடுத்திருக்கலாம். ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டேன். ஓகஸ்ரில் மண்ணெண்ணெயும் 340 ஆகியது. இப்போதும் குருநகர்ப் பக்கம் ஹயர் வந்தால் அவரின் முகத்தைத் தேடுகிறேன்.

ஏ9 லீஃப்

மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் கார். பழைய நிசான் லீஃப் ஒன்று வாங்கினேன். பற்றறியின் கொள்ளளவைக் காட்டும் 12 பட்டையில் 9தான் மிச்சம். அதற்குத் தண்ணிக் குளிரூட்டல் கிடையாது, எங்கள் வெயிலில் இன்னும் வேகமாகத் தேயும். யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். போய்விடலாம் என்று நினைத்தேன். மாங்குளத்தில் 7 வீதம் காட்டியது.

ஒரு தேத்தண்ணிக் கடை அக்கா, "வயர் இருந்தா குத்துங்கோ தம்பி" என்றார். நாலு மணித்தியாலம் சார்ஜ் ஏறியது. போகும்போது சோடா ஒன்று கேட்டேன். இளஞ்சூடாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவர் பிறிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எனக்கு இடம் தந்திருக்கிறார். உள்ளே பால் பக்கற்றுகள் இருந்தன. சோடாக் காசைத் தவிர ஒரு சதமும் வாங்கவில்லை.

சுன்னாகத்து மகள்

கராஜ்கார அண்ணைக்கு: இரண்டு அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று என் கை பொனற்றில் முட்டிக்கொண்டு இருந்தது. நேற்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

தம்பியை எடுத்து இன்றைக்குத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "அந்த ஐயாவின்ர பேர் என்ன அக்கா?" என்று. எனக்குத் தெரியவில்லை. நாங்கள் "ஏ ஃபோர்ட்டி ஐயா" என்றுதான் சொல்வோம். அம்மாவும் இப்போது இல்லை.

கடும் பச்சை நிறக் கார். இடப்பக்க முன்கதவு பூட்டாது, கயிற்றால் கட்டியிருக்கும். சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம் அந்த நாளில் இருந்த யாருக்காவது அவரையோ பிள்ளைகளையோ தெரிந்தால், தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.